முப்பத்திரண்டு அங்குலப் பழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் முப்பத்திரண்டு அங்குல மானிட்டர் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதை டி.வி. என்று நினைத்து எதிரே உட்கார்ந்து ரிமோட்டைத் தேடுவார்கள். கண்ணுக்கு நல்லது, கழுத்துக்கு நல்லது, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மனுஷனுக்கு வேண்டியதுதானே என்று என் மனைவி அவர்களுக்கு விளக்கம் சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் நான் அதைக் கண்ணுக்காகவோ கழுத்துக்காகவோ வாங்கவில்லை. அவளுடைய அண்ணன்மேல் இருந்த கடுப்பில் வாங்கினேன்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், சிதம்பரத்தில் இன்ஜினியர். மேலவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆபீஸ். வீடு கட்டுகிறவர்கள் அவரிடம் வருவார்கள். அவர் ஒரு தாளில் பென்சிலால் கிறுக்கித் தருவார். அந்தக் கிறுக்கலைச் சுவரும் கதவும் ஜன்னலும் அளவுமாகக் கம்ப்யூட்டரில் வீடாக வரைவது நான். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் 'வரைந்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் என் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அந்த இரண்டு எழுத்தை நம்பி எழும்பியிருக்கின்றன. வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

மச்சானிடம் ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்தால் "வாங்க மாப்ள" என்பார். ஆபீஸில் "வா மாப்ள" என்பார். தங்கை புருஷனுக்கு உள்ள மரியாதையை ஆபீஸ் படிக்கட்டிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிடுவார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளம் தருகிற இடத்தில் ஒருமை பன்மை பார்க்க முடியுமா என்று சும்மா இருந்தேன்.

ஊரடங்கு வந்தபோது நான் வீட்டிலிருந்து வரைய ஆரம்பித்தேன். ஊரடங்கு போன பிறகும் அப்படியே தொடர்ந்தேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த நேரம் மிச்சமானது. மகள் பள்ளிவிட்டு வரும்போது வாசலில் நான் இருந்தேன். அந்த ஒன்றுக்காகவே நான் எதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அப்போது என்னிடம் இருந்தது பதினான்கு அங்குல லேப்டாப். மனைவியின் தையல் மிஷின் மேஜைதான் என் ஆபீஸ். அவள் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் நான் எழுந்து கொள்ள வேண்டும். அந்தச் சின்னத் திரையில் ஒரு வீட்டை வரைவது வளையல் வழியாகப் பேப்பர் படிக்கிற மாதிரி. சமையலறையைப் பார்த்தால் கூடம் தெரியாது. முழு வீட்டையும் பார்க்க வேண்டுமென்று சுருக்கினால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். நாள் முழுக்க மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி ஆள்காட்டி விரல் மரத்துப்போகும். வீட்டைத் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியும். அந்தத் துண்டுகளை மனதுக்குள் ஒட்டி வைத்துக்கொள்வேன். லுங்கியோடு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் வேலை பார்க்கிறான் என்று தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வாரம் ஒருமுறை "வேல கெடச்சுதா தம்பி" என்று கரிசனத்தோடு கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் தேவனாம்பட்டினம் வீடு வந்தது. வீட்டுக்காரருக்குச் சொந்தப் படகு இருந்தது. அவர் அதிகம் பேசமாட்டார். எல்லாம் அவர் மனைவி பார்த்துக்கொள்வார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனையைக் காட்ட என்னையும் மச்சானையும் அழைத்துப்போனார். முன்னால் தெரு. தெருவைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம், பின்னால் இருக்கிற குடிசைகளுக்குப் போகிற ஒரு சந்து. வலது கைப்பக்கம் பக்கத்து வீட்டு மதில். மச்சான் பூஜையறை, பார்க்கிங் என்று அடுக்கிக்கொண்டே போக, அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரூமெல்லாம் எப்புடி வேணா போட்டுக்குங்க தம்பி. மொட்டமாடிக்கு ஏறுற படி மட்டும் வெளிய வேணும். கேட்டுக்கு வெளிய, சந்துப் பக்கம். பின்னால இருக்கிறவங்க ஓடியாந்தா நேரா ஏறணும். நாலு அடி அகலம் போடுங்க. ரெண்டு பேரு சேந்து ஏறுவாங்க, ஒருத்தர் இடுப்புல புள்ள இருக்கும்."

சுனாமி என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. தேவனாம்பட்டினத்தில் அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படியை நான் வேறெந்தப் படியையும் வரையாத கவனத்தோடு வரைந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை படத்தை முடித்து, ஆபீஸும் நானும் பொதுவாக வைத்திருந்த கோப்புறையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கடைக்கால் பூஜை முடிந்து, பில்லர் குழிகளுக்கெல்லாம் கான்கிரீட் போட்ட பிறகு ஒரு நாள் காலையில் மச்சானிடமிருந்து போன் வந்தது, உடனே தேவனாம்பட்டினம் வா என்று. போனேன். மேஸ்திரி கையில் தாளோடு நின்றார். அந்த அம்மா சந்தின் வாயில் கைகட்டிக்கொண்டு நின்றார். பில்லர் வரிசை சந்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. படிக்கு விட்ட இடமெல்லாம் வலது பக்கம், பக்கத்து வீட்டு மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே கிடந்தது. அந்தப் படியில் ஏற வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து, பார்க்கிங்கைத் தாண்டி, உள்ளே சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

மச்சான் தாளை மேஸ்திரியிடமிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு வலது கீழ் மூலையில் என் எழுத்தின் மேல் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"வீட்ல உக்காந்துகிட்டு, ஒரு கண்ண டி.வி.யில வச்சுகிட்டு, சிலேட்டு மாதிரி ஒரு லேப்டாப்புல வரைஞ்சா இப்புடித்தான் வரும். நாளைலேருந்து நீ ஆபீஸ் வந்துடு."

மேஸ்திரி, சித்தாள்கள், வீட்டுக்காரர்கள் எல்லார் முன்னிலும் 'நீ'. அதுகூடப் போகட்டும். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேனே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது. ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. இடது பக்கம் வரைந்தேன் என்று என் ஞாபகம் சொன்னது. வலது பக்கம் என்று தாள் சொன்னது. தாளில் என் எழுத்து இருந்தது. முழு வீட்டையும் ஒரே பார்வையில் ஒரு தடவைகூடப் பார்க்காதவன் எதை வைத்துச் சத்தியம் செய்வான்? அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதானே கேட்டேன் என்கிற மாதிரி பார்த்தார்.

மச்சான் அங்கேயே ஒரு வழி சொன்னார். சந்துப் பக்கம் மிஞ்சியிருக்கிற இடத்தில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு படி வைத்துவிடலாம், அதற்கு மேல் இடமில்லை என்றார். வேறு வழி தெரியாததால் அவர்களும் தலையாட்டினார்கள். திருத்திய தாள் மறுவாரம் வந்தபோது பார்த்தேன். 'வரைந்தவர்' கட்டத்தில் என் எழுத்து இல்லை. அவருடைய எழுத்து இருந்தது.

மூன்று வாரம் சிதம்பரம் போய்வந்தேன். ஆபீஸில் எனக்குச் சுவரைப் பார்த்து ஒரு மேஜை. அதன்மேல் வைத்து நான் வரைந்தது எதில் தெரியுமா? அதே சிலேட்டு லேப்டாப்பில். சின்னத் திரைதான் குற்றம் என்றவர் பெரிய திரை ஒன்றும் வாங்கித் தரவில்லை. வந்த ஆட்களிடமெல்லாம் தேவனாம்பட்டினம் கதையைச் சொன்னார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் முதுகைக் காட்டியே சொன்னார். மகள் பள்ளிவிட்டு வந்து எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறவனாகிவிட்டேன். என் கையை நானே நம்பவில்லை. மனுஷனை இதைவிட மோசமாக அடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதைக் கொடுங்கள் என்றேன். ஷேர் ஆட்டோவில் மனைவி அந்த அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். தையல் மேஜை தாங்கவில்லை, ஆடியது. சாப்பாட்டு மேஜையைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டோம். அன்றைக்கே மச்சானுக்குப் போன் செய்து, உங்கள் ஆபீஸில் இருப்பதைவிடப் பெரிய திரை வாங்கிவிட்டேன், இனிமேல் வீட்டிலிருந்தே வரைகிறேன் என்றேன். அவர் சொன்ன காரணத்தையே பெட்டியோடு வாங்கி வந்துவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை.

பெரிய திரை வீட்டையே மாற்றிவிட்டது. மதியம் வெயில் அதில் விழுந்து கண்ணைக் கூசியதால் திரைச்சீலையை மூடியே வைக்க வேண்டியிருந்தது. கூடம் எப்போதும் மேகம் போட்ட மாதிரி இருந்தது. மகள் பின்னால் நின்று "அப்பா, அந்த பெட்ரூமுக்கு ஜன்னலே இல்ல" என்று திருத்தம் சொன்னாள். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலிலிருந்து ஒருநாள் பார்த்துவிட்டு "பெரிய வேலதான் போலருக்கு" என்றார். அதன் பிறகு கரிசனம் நின்றுவிட்டது. சின்னத் திரையில் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. இதில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. அது நல்லதற்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

முதல் நாளே நான் திறந்தது அந்தத் தேவனாம்பட்டினம் தாளைத்தான். புண்ணைச் சொறிகிற மாதிரி ஒரு ஆசை. முழுத் தாளும் ஓரம் முதல் ஓரம் வரை விரிந்தது. லேப்டாப்பில் நான் எப்போதும் வீட்டுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்ததால் தாளின் ஓரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றவே இல்லை. இப்போது இடது ஓரத்தில், செங்குத்தாக, பொடி எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. படத்தை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தாளாக மாற்றினார்கள் என்று நிரல் தானாகவே அச்சடிக்கிற வரி. புதன்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. கம்ப்யூட்டர், சிதம்பரம் ஆபீஸில் மச்சான் மேஜையில் இருப்பது.

நான் செவ்வாய்க்கிழமையே முடித்திருந்தேன். லேப்டாப் தானாகச் சேமித்து வைக்கிற பழைய பிரதிகளை நோண்டினேன். ஒரு மணி நேரத்தில் என் செவ்வாய்க்கிழமைப் படம் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் படி சந்துப் பக்கம். இன்னொன்றில் மதில் பக்கம். அறையின் பெயர்கள், அளவுகள் எல்லாம் ஒன்றுதான். வீட்டை மட்டும் சட்டையை உள்வெளியாகத் திருப்புகிற மாதிரி இடதுவலதாகத் திருப்பியிருந்தது. எங்கள் வேலையில் அதற்கு 'மிரர்' என்று ஒரு கட்டளை உண்டு, இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும். காரணமும் கண்ணெதிரே இருந்தது. அவர் கிறுக்கித் தந்தபடி நான் வரைந்ததில் சமையலறை அக்னி மூலையில் இல்லை. திருப்பியதில் அக்னி மூலையில் இருந்தது. யாரோ வாஸ்து பேசியிருக்கிறார்கள், மனுஷன் வீட்டோடு சேர்த்துப் படியையும் திருப்பிவிட்டு, பழியை என் தலையில் கட்டியிருக்கிறார்.

முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். எழுந்துபோய் முகம் கழுவினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அண்ணங்கிட்ட சொல்லிடுங்க, தப்புன்னு ஒத்துக்குவாரு" என்றாள். தன் அண்ணனை அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். சரி, அவரிடம் வேண்டாமென்றால் அந்த அம்மாவிடமாவது சொல்லுங்கள் என்றாள்.

மறுநாள் இன்னொரு விஷயமும் பிடிபட்டது. முழு வீடும் ஒரே பார்வையில் இருந்ததால் பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. சந்துப் பக்கம் இருக்கிற முன்னறையின் சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளினால் போதும், போட்ட பில்லர்களைத் தொடாமலே நாலு அடிப் படி வரும். மேஸ்திரிக்குப் போன் செய்து வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டேன். செங்கல் லோடு வரவில்லை, அந்தப் பக்கச் சுவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார். உட்கார்ந்து வரைந்தேன். தாளாக மாற்றி, அந்த இரண்டு படங்களோடு ஒரே கோப்புறையில் வைத்தேன். அனுப்பத்தான் போனேன். அப்போது மச்சானிடமிருந்து போன் வந்தது.

"என்ன மாப்ள, டி.வி. வந்துடுச்சா? சீரியலெல்லாம் நல்லா தெரியுதா?"

பின்னால் யாரோ நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அனுப்பவில்லை. இப்போது அனுப்பினால் அவர் அதைத் தன் யோசனை என்று மேஸ்திரியிடம் சொல்வார். என்னிடம், பெரிய ஸ்கிரீன் வந்ததும் வேலை சுத்தமாக வருகிறது பார் என்பார். சத்தமில்லாமல் எல்லாம் சரியாகிவிடும். எனக்குச் சத்தம் வேண்டியிருந்தது. எத்தனை பேர் முன்னால் என்னை 'நீ' என்றாரோ அத்தனை பேர் முன்னால் வேண்டியிருந்தது.

காத்திருந்த மாதங்களில் சும்மா இருக்கவில்லை. பதினோரு வருடமாக அவருடைய கிறுக்கலில் இருந்த தப்புகளையெல்லாம் நானே சத்தமில்லாமல் திருத்தி வரைந்துகொண்டிருந்தேன். அது அவருக்கே தெரியாது. அதை நிறுத்தினேன். திரையின் இடப்பக்கம் அவர் கிறுக்கல், வலப்பக்கம் என் படம். எழுதியதை எழுதியபடி வரைந்தேன். இடிந்து விழுகிற தப்பாக இருந்தால் மட்டும் சொன்னேன். மற்றதை விட்டேன். ஒரு வீட்டில் பாத்ரூம் கதவு உள்ளே இருக்கிற கக்கூஸ் கோப்பையில் முட்டி நின்றது. இன்னொரு வீட்டில் கட்டிலைப் போட்டால் அலமாரியைத் திறக்க முடியாது. வீட்டுக்காரர்கள் அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் என்னிடம் எகிறினால், அவர் கையெழுத்திலேயே இருந்த அளவைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பி, நீங்க எழுதுனதுதான் மச்சான் என்பேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும்.

நான் காத்திருந்த நாள் தானாக வந்தது. தேவனாம்பட்டினம் வீட்டுக்குப் பூச்சு முடிந்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். முகப்புக்கு என்ன கலர் அடிப்பது என்று கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அன்றைக்குச் சிதம்பரத்தில் பராமரிப்பு என்று சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. உங்க வீட்லயே பெருசா இருக்கே மாப்ள, அங்கேயே பாத்துடலாம் என்று மச்சான் போனில் சொன்னார். அந்த அம்மா, அவர் கணவர், மேஸ்திரி மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு காலை பதினோரு மணிக்கு வந்தார்.

மனைவி காபி கொடுத்தாள். நான் வீட்டின் முகப்பைத் திரை நிறையப் போட்டு, கலரை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினேன். அந்த அம்மா வெளிர்பச்சையைப் பார்த்ததும் போதும் என்றார். மச்சான் சாய்ந்து உட்கார்ந்து, "எதா இருந்தாலும் பெரிய ஸ்கிரீன்ல பாத்தாதாம்மா தெரியும்" என்றார்.

"வேற ஒண்ணும் தெரியுது, பாக்குறீங்களா மச்சான்" என்று கேட்டுவிட்டு அந்தக் கோப்புறையைத் திறந்தேன். உள்ளே இருந்ததை எல்லாம் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்தேன். படங்கள் பக்கம் பக்கமாக வந்து நின்றன. இடது கோடியில் இருந்ததைக் காட்டி, இது செவ்வாய்க்கிழமை நான் வரைந்தது என்றேன். பக்கத்தில் இருந்ததைக் காட்டி, இது மேஸ்திரி கைக்கு வந்தது என்றேன். அந்த அம்மா எழுந்து வந்து திரையில் விரலை வைத்து, சந்து எது, மதில் எது என்று கேட்டுக்கொண்டார். பிறகு இது ஏன் மாறியது என்று கேட்டார். நான் வாயால் சொல்லவில்லை. தாளின் ஓரத்தைப் பெரிதாக்கினேன். மெதுவாக, ரசித்து, பெரிதாக்கினேன். தேதி, மணி, கம்ப்யூட்டர் பெயர் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றன.

"இது யாரு கம்ப்யூட்டரு தம்பி?"

"சிதம்பரம் ஆபீஸ்ல சார் மேஜையில இருக்கிறதுங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். மனைவி சமையலறை வாசலில் நின்றபடி தன் அண்ணனையே பார்த்தாள். மச்சான் காபி டம்ளருக்குள் எதையோ தேடினார். வாஸ்துவுக்காகத் திருப்பினேன், சந்து ஞாபகத்துக்கு வரவில்லை, அப்புறம்தான் தெரிந்தது என்று முனகினார். அப்போது எனக்கு இருந்த நிறைவைச் சொல்ல வெட்கப்படவில்லை. எட்டு மாதமாக அந்த முகத்தைத்தான் மனதுக்குள் வரைந்து வைத்திருந்தேன். வரைந்த அளவுக்கு அச்சாக இருந்தது.

அந்த அம்மா இன்னும் திரை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"மூணாவதா ஒண்ணு இருக்கே, அது என்னது?"

அப்போதுதான் பார்த்தேன். வலது கோடியில், இரண்டுக்கும் பக்கத்தில், அதே அளவில் நின்றது நாலு அடிப் படி போட்டு நான் வரைந்த படம். மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை. ஒன்றும் இல்லைங்க, சும்மா போட்டுப் பார்த்தது என்று மவுஸை நகர்த்தப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதோட ஓரத்தையும் பெருசு பண்ணுங்க."

ஓரத்தைப் படிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிதாக்கினேன். கம்ப்யூட்டர் என்னுடையது. தேதியை அவர் உதடு அசைய வாசித்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, அந்தத் தேதியில் சந்துப் பக்கச் சுவர் எந்த மட்டத்தில் இருந்தது என்று கேட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு, ஆரம்பிக்கவே இல்லம்மா, செங்கல்லுக்கு உக்காந்திருந்தோம் என்றார்.

"இதுல படி நாலு அடி போட்டிருக்கு."

நான் தலையாட்டினேன்.

"அவரு தெரியாம பண்ணிட்டு மறைச்சாரு. நீங்க தெரிஞ்சுகிட்டே வச்சிருந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு, வெளிர்பச்சையே அடிச்சிடுங்க என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். இடித்துக் கட்ட இனி நேரமில்லை, பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது என்று அவர் கணவர் யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். எல்லாரும் போனதும் மனைவி டம்ளர்களை எடுத்தாள். அன்றைக்கே சொல்லச் சொன்னேனே என்றுகூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கிரகப்பிரவேசத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, மச்சானுக்கும் வந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் வீட்டைக் கட்டினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, சந்தனம் வைத்து அனுப்புவார்கள். முதலில் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். பிறகு ஆசாரியை, பெயிண்டரை, எலக்ட்ரீசியனை, பிளம்பரை. கம்பி கட்டினவரைக்கூடப் பந்தல் பக்கமிருந்து தேடி அழைத்துவந்தார்கள். வழக்கமாக முதல் தட்டு இன்ஜினியருக்குத்தான். மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிடவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன். படம் வரைந்தவனை எந்த வீட்டிலும் கூப்பிடுவதில்லை. ஆனாலும், அன்றைக்குத் திரையில் உண்மையைக் காட்டினவன் நான்தானே, ஒருவேளை கூப்பிடுவார்களோ என்று ஒரு அற்ப ஆசை இருந்தது. கடைசித் தட்டு, புடவையோடு, சித்தாள் வேலை பார்த்த பெண்ணுக்குப் போனது. அந்த அம்மா வெற்றிலைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாப்பாடு மொட்டைமாடியில் பந்தல் போட்டு நடந்தது. எல்லாரும் சந்துப் பக்கம் போய் அந்தப் படியில்தான் ஏற வேண்டும். இரண்டரை அடி. ஒருவர் பின்னால் ஒருவராக ஏறினார்கள். சாப்பிட்டு இறங்குகிறவர்கள் மேலே நின்று காத்திருந்தார்கள். வரிசை சந்தின் பாதி வரை வந்திருந்தது. அதில் எனக்குப் பின்னால் வந்து நின்றவர் மச்சான். அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறோம். கொஞ்ச நாளாக 'வரைந்தவர்' கட்டத்தில் மறுபடி என் எழுத்து வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் இல்லை.

படியின் அடிக்கு வந்ததும் அவர், "நீங்க போங்க மாப்ள" என்றார்.

நான் ஏறினேன். பாதிப் படி ஏறியிருப்பேன், மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பின்குடிசைகளில் இருக்கிறவள் போலிருந்தது. இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் சுவரோடு ஒட்டிப் பார்த்தேன். அவளும் ஒருக்களித்துப் பார்த்தாள். குழந்தையின் தலை சுவரில் உரசியது. வழி இல்லை. கீழே சந்தில் அந்த அம்மா நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்து எறங்குங்க தம்பி" என்றார்.

நான் திரும்பக்கூட இடமில்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே காலை வைத்து இறங்கினேன். எனக்குக் கீழே மச்சானும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தார். மொத்தம் ஒன்பது படி.